டீச்சரின் இளைப்பு

காய்ந்த புல்லை நனைக்க அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் ஊறினால் புளித்த வாடை வந்துவிடும். குறைந்தால் கட்டின் நடுவில் தூசி அப்படியே உட்கார்ந்திருக்கும். பிறகு புல் அடைத்த வலையோடு தூக்கிக் கொக்கியில் மாட்டி, சொட்டுவது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். எனக்குப் பொறுமை உண்டு, மேடம். என்மேல் என்ன குறை வேண்டுமானாலும் சொல்லுங்கள், அவசரக்காரன் என்று மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை.

டீ வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். தம்ளர் விளிம்பில் யாரோ வாய்வைத்த தடம் இருக்கிறது. கழுவியவருக்குக் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. எனக்குப் பட்டுவிட்டது, இனி அந்தத் தம்ளரைப் பார்க்காமல் பேசினால்தான் எனக்குப் பேச்சு வரும். சற்று அந்தப் பக்கம் நகர்த்திவிடுங்கள். நன்றி.

முதலில் என் அக்கா விஷயத்தை முடித்துவிடுவோம். இரண்டு நாளாக இந்த ஸ்டேஷனில் பக்கத்து அறையில் உட்கார்ந்து, நான்தான் மாத்திரையை மாற்றிப் போட்டுவிட்டேன், நான்தான் என் புருஷனைக் கொன்றுவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். நீங்களும் அதை எழுதி வைத்திருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவருடைய ஏழு அறை மாத்திரைப் பெட்டியை நிரப்பியது அவள்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணித்தான் நிரப்புவாள். அவள் கையில் ஒரு பிசகும் நடக்கவில்லை. அவள் நிரப்பிய பிறகு மாற்றியது நான். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தலைக்குக் குளித்து மூன்று நாள் ஆகியிருக்கும், கிட்டே போனாலே தெரிகிறது.

நான் அந்தக் குதிரை லாயத்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதற்கு முன் ஒரு ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யும் பிரிவில் இருந்தேன். அங்கே யாருக்கும் சுத்தம் என்றால் என்னவென்று தெரியாது. எடுத்துச் சொன்னேன், என்னை அனுப்பிவிட்டார்கள். அக்கா புருஷன்தான் வந்து பெட்டியைத் தூக்கினார். "வா மாப்ள, குதிரை உன்னோட சண்டை போடாது" என்றார். ஏழு குதிரை, குழந்தைகளுக்குச் சவாரி பழக்கும் ஒரு வட்டத் திடல், நீளமான ஓட்டுக் கொட்டகை, அதன் கோடியில் ஒட்டினாற்போல வீடு. எனக்கு நடு அறை. கட்டிலுக்கு இந்தப் பக்கச் சுவரைத் தாண்டினால் முதல் கொட்டடி. அந்தப் பக்கச் சுவரைத் தாண்டினால் அக்காவும் மாமாவும் படுக்கும் அறை. அந்தச் சுவர்கள் பேருக்குத்தான் சுவர்கள், ஒரு சத்தம் தப்பாது. இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள்.

மாமா நல்ல மனுஷன். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், தலையில் தூக்கிவைத்து ஆடுவார்கள். நானும் சொல்கிறேன். என்னை ஒருநாள் எடுத்தெறிந்து பேசியதில்லை. நான் கை கழுவிக்கொண்டே இருப்பதைப் பார்த்து எனக்குச் "சோப்பு" என்று பேர் வைத்தார், சவாரிக்கு வருகிற குழந்தைகள் வரைக்கும் "சோப்பு மாமா" என்றுதான் கூப்பிடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பேன். ஆனால் அவருக்கு இளைப்பு இருந்தது, மேடம். ஆஸ்துமா. நல்ல மனுஷனுக்குச் சளி வரக்கூடாது என்று சட்டமா என்ன.

சளி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்கு அது ஒரு வார்த்தை. எனக்கு அது ஒரு பிஸ்கட் டப்பா. மூடி தொலைந்துபோன பழைய தகர டப்பா, அவர் எங்கே போனாலும் கூடவே போகும். விடியற்காலையில் ஆரம்பிப்பார். முதலில் ஒரு கீச்சு, பிறகு கொரகொரவென்று அடியிலிருந்து கிளப்புவது, கிளப்பியது பாதியில் நிற்க மறுபடி கிளப்புவது, கடைசியில் அந்த டப்பாவில் சொத்தென்று விழுவது. உதட்டுக்கும் டப்பாவுக்கும் நடுவே ஒரு நூல் தொங்கும். அதைத் தோள் துண்டால் துடைப்பார். அதே துண்டால் நெற்றியைத் துடைப்பார். அதே துண்டால் எனக்கு ஒரு நாற்காலியைத் தட்டிப் போட்டு, "உக்காரு மாப்ள" என்பார். பதினோரு வருஷம். நான் ஒருநாளும் வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. எழுந்துபோய்க் கை கழுவுவேன், அவ்வளவுதான்.

அவருக்கு வேளாவேளைக்கு வாயில் வைத்து இழுக்கும் இன்ஹேலர் உண்டு. அது போதாமல் தினமும் காலையில் ஒரு வெள்ளை மாத்திரை. ஸ்டீராய்டு. பல வருஷமாகச் சாப்பிடுகிறார், திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் முகம் உப்பி, சர்க்கரையும் வந்து, டீக்குச் சர்க்கரைக்குப் பதிலாகப் பொடி வில்லை போட்டுக் குடிப்பார். குட்டி டப்பி, தட்டினால் ஒரு வில்லை விழும். அதுவும் வெள்ளை, அதுவும் உருண்டை.

இந்த வருஷம் டீச்சருக்கும் இளைப்பு வந்தது. டீச்சர் என்பது எங்கள் சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. பதினெட்டு வயசு. எத்தனையோ குழந்தைகள் அவள் முதுகில்தான் முதன்முதலில் ஏறி உட்கார்ந்தன, அதனால் அந்தப் பேர். சுத்தமான குதிரை, மேடம். சாணியைக்கூட ஒரே மூலையில்தான் போடுவாள், அதன்மேல் படுக்கமாட்டாள். அவள் மூக்கில் வெள்ளையாக ஒழுக ஆரம்பித்தது. மூச்சை விடும்போது விலாவுக்குக் கீழே ஒரு கோடு பள்ளம் விழுந்தது. இருமினாள். முதல் கொட்டடி அவளுடையது, இந்தப் பக்கச் சுவர் அதுவரை எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது இரண்டு பக்கமும்.

குதிரை டாக்டர் வந்தார். இளவயசுக்காரர், பொறுமையாகச் சொன்னார். பூஞ்சைத் தூசிதான் காரணம், காய்ந்த புல்லில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அதை நிறுத்தாமல் மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை. புல்லை நனைத்துக் கொடுக்க வேண்டும், வைக்கோல் படுக்கையை எடுத்துவிட்டு மரச்சுருள் போட வேண்டும், பகலில் வெளியே கட்ட வேண்டும். குதிரைக்கென்று இருக்கிற மாத்திரை ஒன்று உண்டு, ஆனால் டீச்சர் கொழுத்த உடம்பு, அதைக் கொடுத்தால் குளம்பு வெந்து நடக்கமுடியாமல் போகலாம். அதனால் மூக்கில் மாஸ்க் வைத்து இன்ஹேலர் மருந்து. நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எனக்கு அந்தப் பழக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து. அந்த நோட்டுதான் உங்கள் மேசையில் இருக்கிறது.

மாமா சிரித்தார். "புல்லைக் குளிப்பாட்டணுமா? அப்புறம் பவுடர் போட்டு, பொட்டு வெச்சு விடுவியா மாப்ள?" என்றார். நனைக்க விடவில்லை. நனைந்தால் புல் வாசனை போய்விடுமாம். கட்டைப் பிரித்து நடைபாதையிலேயே உதறுவார், வெயில் கோட்டில் தூசி பறக்கும், குதிரையும் இருமும், அவரும் இருமுவார். "ரெண்டு பேருக்கும் ஒரே ஜாதகம்" என்று டீச்சர் கழுத்தைத் தட்டுவார். தட்டுகிற கையில் அந்தத் துண்டு.

மாஸ்க் போடும் வேலை என்னுடையது. வேறு யாரையும் விடமாட்டேன். டீச்சர் முதல் இரண்டு நாள் தலையை உதறினாள், மூன்றாம் நாள் அவளே மூக்கைக் கொண்டுவந்து நுழைத்தாள். ஒரு அழுத்து, அவள் ஒரு மூச்சு இழுப்பாள், நான் எண்ணுவேன், மறுபடி ஒரு அழுத்து. முடிந்ததும் மாஸ்க்கை வெந்நீரில் கழுவி, வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைப்பேன். என் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த கால் மணி நேரம் அது. ஒரு வாரத்தில் பள்ளம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

எட்டாம் நாள் சனிக்கிழமை. திடலில் குழந்தைகள் கூட்டம். நான் புல் அறையிலிருந்து வெளியே வருகிறேன், மாமா டீச்சருடைய மாஸ்க்கைத் தன் மூஞ்சியில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கனைத்துக் காட்டுகிறார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. என்னைப் பார்த்ததும் எடுத்துவிட்டு, "என்னோடது தீந்துபோச்சு மாப்ள. ரெண்டு நாளா இதுலதான் ஓட்டறேன். ஒரே மருந்துதானே, அவ ஒண்ணும் சொல்லமாட்டா" என்றார்.

மாஸ்க்கைக் கையில் வாங்கினேன். உள்ளே, ரப்பர் மடிப்பில், அவருடையது ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சளாக, இன்னும் சூடு ஆறாமல். நான் கழுவிக் கவிழ்த்து வைத்த மாஸ்க். டீச்சர் காலையில் மூக்கை நுழைத்தது. முந்தின நாள் காலையிலும் அவர் வைத்துவிட்டுப் போனதற்குள்தான் அவள் மூக்கை நுழைத்திருக்கிறாள், மாஸ்க் சரியாகக் காயவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மருந்துக் குப்பியைப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் நின்றது. டாக்டரைக் கூப்பிட்டேன், புதுசு வர இரண்டு வாரமாகும் என்றார்.

மாஸ்க்கைக் கழுவினேன். கொதிக்கிற தண்ணீரில் ஆறு தடவை கழுவினேன். கழுவும்போதுதான் எனக்கு அந்த நியாயம் தோன்றியது. அவளுடைய மருந்தை அவர் எடுத்துக்கொண்டார். அப்படியென்றால் அவருடைய மருந்தை அவளுக்குக் கொடுப்பதில் என்ன தப்பு. ஒரே மருந்துதானே என்று சொன்னது அவர்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா பெட்டியை நிரப்பி, கை கழுவும் தொட்டிக்கு மேலே பலகையில் வைத்தாள். நான் அந்தத் தொட்டிப் பக்கம் எத்தனை தடவை போனாலும் இந்த வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஒன்றுவிட்டு ஒரு அறையில் வெள்ளை மாத்திரையை எடுத்துவிட்டு, டீயில் போடுகிற வில்லையைப் போட்டேன். ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் அவளுக்கு. யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை. எடுத்ததைப் பொடித்து, ஒரு துண்டு ஆப்பிளில் தடவி டீச்சருக்குக் கொடுத்தேன். தினமும் நாலு குளம்பையும் தொட்டுப் பார்த்து, சூடில்லை என்று நோட்டில் எழுதினேன்.

இதற்கு நடுவில் மாமாவுக்கு மனசு உறுத்திவிட்டது. மாஸ்க் விஷயத்தில் என் முகத்தைப் பார்த்திருப்பார். "தப்புதான் மாப்ள. நீ உன் புல்லைக் குளிப்பாட்டிக்கோ, நானும் கூடச் செய்யறேன்" என்றார். சும்மா சொல்லக்கூடாது, செய்தார். தினமும் காலையில் தொட்டியில் கையைவிட்டு அமுக்கி, ஈர வலையைத் தூக்கி மாட்டினார். வைக்கோலை வாரிக் கொட்டிவிட்டு மரச்சுருள் பரப்பினார். ஒவ்வொரு வலைக்கும் ஒரு தடவை நின்று, டப்பாவைத் தேடிக்கொண்டு போவார். அவர் கையைவிட்ட தண்ணீரை நான் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடிப்பேன்.

ஒருநாள் காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, "இப்பல்லாம் இது கசக்கறதே இல்லையே" என்றார்.

"கம்பெனிக்காரன் உங்க மூஞ்சியப் பாத்து இரக்கப்பட்டுச் சக்கரை போட்டுட்டான்" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லா அறையிலும் மாற்றினேன். வைத்தியம் என்று இறங்கிய பிறகு அரைகுறையாக நிறுத்தக்கூடாது, மேடம். அது எல்லாரும் சொல்கிற விஷயம்தான்.

அதற்கப்புறம் அவர் தளர்ந்துபோனார். முதலில் உடம்பு வலி, பிறகு எழுந்தால் தலைசுற்றல். சாப்பிட்டது நிற்கவில்லை. வாந்தியும் அந்த டப்பாவில்தான், பாதி உள்ளே, பாதி வெளியே. அக்கா முகம் சுளிக்காமல் துடைத்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன், இவள் என் கூடப் பிறந்தவள்தானா என்று இருந்தது. டாக்டரிடம் அழைத்துப்போனாள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று அவர் கேட்டிருக்கிறார். "ஒருநாள் விட்டதில்ல டாக்டர், நானே என் கையால எடுத்துக் குடுக்கறேன்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இப்போது நெஞ்சில் போட்டு அரைத்துக்கொண்டிருக்கிறாள். டாக்டர் வயிற்றுக் கோளாறு என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

நாலாவது சனிக்கிழமை. அக்கா திடலில், குழந்தைகளுக்குக் கடிவாளம் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமா படுத்திருக்க வேண்டியவர், புல் நனைக்க வந்துவிட்டார். வலையைத் தூக்கினார், தூக்கினபடியே தொட்டி விளிம்பில் சரிந்து உட்கார்ந்தார். உதடு சாம்பல் நிறமாக இருந்தது. நெஞ்சு ஏறுகிறது, இறங்கமாட்டேன் என்கிறது. பேச்சு வரவில்லை. கையால் ஜன்னலைக் காட்டினார். ஜன்னல் திண்டில் அவருடைய புது இன்ஹேலர்.

எடுக்கப் போனேன். அதை நீங்கள் மறுக்கமுடியாது. ஆனால் வாய்வைக்கிற இடத்தில் வெள்ளையாகக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது, அதன்மேல் புதிதாக ஈரம் வேறு. கையால் தொடமுடியவில்லை. ஒரு துணியைத் தேடி எடுத்து, துணியால் பிடித்து, குழாயடிக்குக் கொண்டுபோனேன். சோப்புப் போட்டேன். மூலை முடுக்கில் நகத்தை விட்டுத் தேய்த்தேன். நன்றாக அலசினேன். ஈரத்தோடு கொடுத்தால் மருந்து சரியாக வராது, அதனால் துடைத்துக் காயவைத்தேன். கூப்பிடு தூரத்தில் அக்கா இருந்தாள், கூப்பிட்டிருக்கலாம். தோன்றவில்லை. அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது அவர் ஈரப் புல்லின்மேல் சாய்ந்திருந்தார், கண் என்னைப் பார்த்தபடி இருந்தது. சுத்தமான இன்ஹேலரை அவர் கையில் வைத்தேன். விரல் மடங்கவில்லை. வாயோரத்தில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. அக்கா வந்து துடைத்தாள்.

இவ்வளவுதான். ஒரு வாயில்லா ஜீவனுக்காகச் செய்தேன். அது மூச்சுக்குத் தவித்தது, அதன் மருந்தை ஒருவர் பறித்துக்கொண்டார், நான் ஈடு செய்தேன். இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நோட்டைப் பிரிக்கிறீர்கள். பிரியுங்கள். விரலில் எச்சில் தொடாமல் புரட்டினால் நல்லது.

ஆமாம், அது என் கையெழுத்துதான். குதிரை டாக்டர் வந்த முதல் நாள். நான்தான் அவரைக் கேட்டேன், மாமா சாப்பிடுகிற மாத்திரையை இதற்குக் கொடுக்கலாமா என்று. மாத்திரை டப்பியைக் கூடக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இது குதிரைக்கு ஒட்டாதுங்க. மனுஷ உடம்புல வேலை செய்யும், குதிரை உடம்புல செய்யாது. போன வழியே சாணியில வந்துடும்" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன். கேட்டதைக் கேட்டபடி எழுதுவதுதான் என் வழக்கம்.

அப்புறம் எதற்குப் பொடித்துக் கொடுத்தாய் என்கிறீர்கள். எடுத்ததை எங்கேயாவது போடவேண்டுமே. வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

அடுத்த பக்கமும் என் கையெழுத்துதான். மாத்திரையை மாற்ற ஆரம்பித்து இரண்டாவது வாரம், வியாழக்கிழமை. 'டீச்சர் இன்று முழுக்க ஒரு தடவைகூட இருமவில்லை. விலாவில் பள்ளம் இல்லை. மூச்சு சரி.' உண்மைதான். புல்லை நனைத்ததிலேயே சரியாகிவிட்டது. டாக்டர் முதலிலேயே சொன்னார், மாமாதான் கேட்கவில்லை. கேட்ட பிறகு நன்றாகத்தான் நனைத்தார்.

அப்படியென்றால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏன் எல்லா அறையிலும் மாற்றினாய், குதிரைதான் சரியாகிவிட்டதே என்று கேட்கிறீர்கள். கேட்கிற கேள்வியில் தப்பில்லை. ஆனால் நான் ஆரம்பத்திலேயே சொன்னேன், கவனமாக எழுதிக்கொள்ளுங்கள் என்று. என்னுடையது நடு அறை, மேடம். டீச்சர் பக்கத்துச் சுவரில்தான் சத்தம் நின்றிருந்தது.